பாதிப் படிக்குக் கைப்பிடி

பூட்டுக்காரர் ஒரு தொடைநடுங்கி. இதை அவர் மனைவியே சொல்வாள், ஆகையால் நாமும் தாராளமாகச் சொல்லலாம். எங்கேயாவது ஒரு தகர டப்பா விழுந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் எழும்புவார். போன் அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுப்பார். மேல் தெருவில் அவருக்கு வைத்த பேர் திடுக்கண்ணன். மற்றவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் முதுகுக்குப் பின்னால்தான் வழங்கும். இவருக்கு மட்டும் முகத்துக்கு நேரே. கோபித்துக்கொள்ளவும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே!

நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், ஏணிக்குப் பயம், சீருடை போட்டவர் யாராக இருந்தாலும் பயம். எல்லாவற்றுக்கும் மேலே, கையெழுத்துப் போடப் பயம். ஒரு பார்சல் வந்தால்கூட மனைவி வரும்வரை வந்தவரைக் காத்திருக்கச் சொல்வார். கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன அன்று பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, "தம்பி, உங்களை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்று பதிவாளர் தனியே கூப்பிட்டு விசாரித்தாராம். இருபத்திரண்டு வருஷமாக மனைவி இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவருடைய கடை நாலடி அகலம். சுவர் முழுக்க ஆணி அடித்து, வெட்டாத சாவிகள் தொங்கும். சாவி வெட்டும் மிஷின் ஒன்று, நாலைந்து அரம், ஒரு எண்ணெய்க் கிண்ணம். பின்னால் ஒரே அறையும் சமையல் மேடையுமாக வீடு. கடை வாசலிலிருந்து பத்தடி நடந்தால் படிக்கட்டு.

ஐம்பத்திரண்டு படி. மேல் தெருவிலிருந்து கீழே பஸ் போகிற சாலைக்கு இறங்கும் குறுக்கு வழி அது. ஒரு பக்கம் கல் சுவர். மறு பக்கம் ஒன்றுமே கிடையாது. ஒன்றுமில்லை என்று சொல்வதும் தப்பு, கால்வாய் இருக்கிறது. நடுப்படிகளுக்கு நேரே இரண்டு ஆள் ஆழம், அடியில் பாறை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை. கசிகிற குழாய் ஒன்றின் புண்ணியத்தில் வருஷம் முழுக்கப் பாசி வேறு. பூட்டுக்காரர் இந்தப் படிக்கட்டில் கால் வைத்ததே கிடையாது. கீழே போக வேண்டுமென்றால் வண்டிப் பாதையில் இருபத்தைந்து நிமிஷம் சுற்றிக்கொண்டு போவார்.

அவர் மனைவி தினம் இறங்கினாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் மிஷின் ஓடியாக வேண்டும். சுற்றிப் போனால் பஸ் போய்விடும். கண்ணில் அழுத்தம் ஏறி அவளுக்கு வலது கண் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறது. இறங்கும்போது சுவர் இடது கைப்பக்கம், பள்ளம் வலது பக்கம். பள்ளம் இருக்கிற பக்கம் அவளுக்கு முழு இருட்டு. இடது உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இறங்குவாள். மேலே நின்றுகொண்டு இவர் ஒவ்வொரு படியாக மனசுக்குள் எண்ணுவார். ஐம்பத்திரண்டு வந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வரும்.

"நீங்க பார்த்துக்கிட்டு நிக்காதீங்க. எனக்குப் படி பயமில்லை. நீங்க பார்க்கறதுதான் முதுகிலே குறுகுறுங்குது" என்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், முப்பது எண்ணும்போது அவள் சறுக்கினாள். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஏதோ ஒன்று படிப்படியாக மோதிக்கொண்டு கடைசிவரை உருண்டு கால்வாயில் விழுந்த சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. விழுந்தது எது என்று மேலேயிருந்து தெரியவில்லை. இறங்கி ஓடத்தான் நினைத்தார், கால் வரவில்லை. "சாப்பாட்டு டப்பாதாங்க போச்சு! நான் இருக்கேன்!" என்று கீழேயிருந்து குரல் வருகிறவரைக்கும் பேயறைந்தவர் மாதிரி அங்கேயே நின்றார். அன்றைக்கு அவர் வெட்டிய ஆறு சாவியில் ஒன்றுகூடப் பூட்டில் திரும்பவில்லை. ஏன் இறங்கி வரவில்லை என்று மனைவி கேட்கவேயில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இரண்டு மாதம் கழித்து நகராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது. ஒரு தெருவில் குடியிருப்பவர்கள் சேர்ந்து தங்கள் தெருவுக்கு ஏதாவது நல்லது செய்துகொள்ள விரும்பினால், அதற்குச் சிறு மானியம் தருவார்களாம். மேல் தெருச் சங்கம் என்று பேருக்கு ஒன்று உண்டு. அதற்குத் தலைவர், செயலாளர், எல்லாமே தையல்காரம்மாதான். அவர் ஒன்பது பக்க விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்து, படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி கேட்போம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கைதட்டல் நின்றுவிட்டது.

பொறுப்பாளர் பத்து வருஷமாவது அதே தெருவில் குடியிருந்திருக்க வேண்டும். தையல்காரம்மா வந்து ஏழு வருஷம்தான். வேலையைச் செய்கிறவரே பொறுப்பாளராக இருக்கக் கூடாது. வேலை செய்யப் போவது அதே தெருவில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர், ஆக அவரும் இல்லை. மிச்சம் இருந்தவர்களில் ஒருவருக்குத் திடீரென்று ஏதோ அவசர வேலை வந்துவிட்டது, இன்னொருவருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. திடுக்கண்ணனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் போடறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தார். சொன்னது அவர்தான்.

ஏழாம் பக்கத்தில்தான் வினை. 'மக்கள் பங்களிப்பு' என்று அதற்குத் தலைப்பு. மானியம் கேட்கிற தெரு, வேலையில் ஒரு பங்கைத் தானே முதலில் செய்து முடித்திருக்க வேண்டும்.

"இதென்ன பிரமாதம்?" என்றார் வெல்டர். "கீழ்ப்பாதி இருபத்தாறு படிக்கு நான் போட்டுடறேன். குழாய் பட்டறையிலே சும்மாதான் கிடக்குது. போட்டாச்சுன்னே எழுதுங்கம்மா. அவங்க வந்து பார்க்கறதுக்குள்ளே நிஜமாவே போட்டிருப்போம்."

'கீழ்ப்பாதிக்குக் கைப்பிடி உறுதியாகப் பொருத்தப்பட்டுள்ளது' என்று தையல்காரம்மா மணிமணியாக எழுதினார். அதற்குக் கீழே பூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். மூன்று இடத்தில் பேனா தடுக்கியது.

பிறகு வந்த ஐந்து வாரமும் அவருக்கு நரகம்தான். வெல்டருக்கு ஜன்னல் வேலை வந்தது, கேட் வேலை வந்தது, கைப்பிடி வேலை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. தினமும் பட்டறை வாசலில் போய் நின்று, "எப்போங்க?" என்பார். "திடுக்கண்ணே, கவர்மெண்டு காரியம், அவங்க வர ஆறு மாசம் ஆகும். போய் நிம்மதியாத் தூங்குங்க" என்று பதில் வரும். தூக்கமாவது ஒன்றாவது! பொய்யாகக் கையெழுத்துப் போட்டால் எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள் என்று யாரையாவது கேட்க நினைத்தார். கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்பார்களே? தபால்காரர் தெருமுனையில் திரும்பினால்கூட மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். மனைவியிடமும் சொல்லவில்லை. எழுதினது பொய் என்று தெரிந்தால் அவள் நேரே நகராட்சிக்குப் போய் வாங்கிக் கிழித்துவிடுவாள்; அவளுக்குத்தான் பயமே கிடையாதே.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நகராட்சியிலிருந்து போன் வந்தது. மேடம் இன்றைக்கு நாலு மணிக்குப் படிக்கட்டைப் பார்வையிட வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

பூட்டுக்காரர் முதலில் செய்த காரியம், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மனைவியைக் கூப்பிடச் சொன்னதுதான். "நாலு மணிக்கு வர்றாங்களாம்" என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. "வரட்டுமே. உங்களைக் கடிச்சா திங்கப் போறாங்க? பயப்படாதீங்க" என்று அவள் வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் பட்டறைக்கு ஓடினார்.

வெல்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கைதேர்ந்தவர்தான், சும்மா சொல்லக் கூடாது. குழாயை வெட்டி, பற்ற வைத்து, படி ஓரத்தில் குழி தோண்டி, சிமெண்டைக் குழைத்து ஊற்றி, மூன்று மணிக்கெல்லாம் கீழ்ப்பாதி முழுக்கக் கம்பியை நிறுத்திவிட்டார். பச்சை வர்ணம் பளபளவென்று இருந்தது. ஈரச் சிமெண்டின் மேல் கை நிறையப் புழுதியை அள்ளித் தூவினார்.

"பழசு மாதிரியே இருக்குதில்லே?"

"பிடிச்சா நிக்குமா?" என்றார் மேலே நின்றிருந்த பூட்டுக்காரர்.

"இன்னைக்கு யாரும் பிடிக்கக் கூடாது. ஏழு நாள் தண்ணி விட்டு இறுகணும். இப்போ ஒரு ஆள் சாய்ஞ்சா கம்பியும் போகும், கூடவே ஆளும் போகும்."

"மேடம் பிடிச்சாங்கன்னா?"

"அவங்க எங்கேண்ணே இறங்கப் போறாங்க? மேலேயே நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க வாயைத் திறக்காம இருங்க, அது போதும்."

தையல்காரம்மா விண்ணப்பக் கோப்போடு கீழே போய் நின்றுகொண்டார். படியேற வருகிறவர்களைச் சுற்றிப் போகச் சொல்வது அவர் பொறுப்பு. மனைவி வர ஆறு மணி ஆகும். அதற்குள் மேடம் போய்விடுவார், அவளிடம் விவரத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று பூட்டுக்காரர் தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டார்.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். ஒல்லியான பெண்மணி. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளக்கிற டேப்.

"பொறுப்பாளர் யாரு?"

வெல்டர் பூட்டுக்காரரை முன்னால் தள்ளினார்.

"நீங்களா? ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?"

"வெயில் மேடம்." அன்றைக்கு வெயிலே இல்லை.

அதிகாரி படிக்கட்டின் தலைப்பில் நின்று எட்டிப் பார்த்தார். "கீழ்ப்பாதி நீங்களே போட்டது, இல்லையா? எப்போ போட்டீங்க?"

"போன மாசம் மேடம்" என்றார் வெல்டர்.

"அவரைக் கேட்டேன்."

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். அது ஆமாம் என்று ஆட்டினதா, தானாக ஆடியதா என்று சொல்ல முடியாது. அதிகாரி ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, ஏழாம் பக்கத்தின் அசலைக் கேட்டார். அசல் தையல்காரம்மாவிடம். வெல்டர் ஒரு குரல் கொடுக்க, அந்த அம்மா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாகவே மூச்சு வாங்க ஏறி மேலே வந்து சேர்ந்தார். இப்போது கீழே யாரும் இல்லை என்பது பூட்டுக்காரருக்கு உறைத்தது. சொல்வதற்குள் அதிகாரி ஒரு தாளை நீட்டிவிட்டார்.

"இதிலே எழுதினது எல்லாம் உண்மைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது."

பேனாவை வாங்கிக் குனிந்தார். குனிந்த கண்ணில் தாளுக்கு அப்பால் படிக்கட்டின் அடி தெரிந்தது. அங்கே நீல நிற வேலை உடுப்பில் ஒருத்தி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவர் மனைவி.

நாலு மணிக்கு அவள் இங்கே எப்படி?

ஏறும்போது படியைத் தவிர வேறு எதையும் பார்க்காதது அவள் வழக்கம். தலையைக் குனிந்து, வலது கையைச் சுவரில் வைத்து, ஒற்றைக் கண்ணால் பாசியைத் தேடித் தேடிக் கால் வைப்பாள். இன்றைக்கும் அப்படித்தான் ஏறினாள். நாலு, ஐந்து, ஆறு. கம்பியை அவள் கவனிக்கவில்லை. தலையைத் தூக்காதே, தூக்காதே என்று இவர் மனசுக்குள் கெஞ்சினார். அப்படியே ஏறி வந்துவிட்டால் ஒரு வம்பும் இல்லை. ஒரு கையெழுத்து, மானியம் வந்துவிடும், ஐம்பத்திரண்டு படிக்கும் கம்பி வந்துவிடும், அவள் இருக்கிற காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். கூப்பிட்டாலோ எல்லாம் போச்சு. பன்னிரண்டு, பதின்மூன்று. "என்ன சார், போடுங்க" என்றார் அதிகாரி. பேனா முனை தாளைத் தொட்டது. பதினெட்டு, பத்தொன்பது.

இருபதாவது படியில் அவள் நின்றாள். மூச்சு வாங்க எப்போதும் நிற்கிற இடம்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். இடது கண்ணுக்கு நேரே பச்சைக் கம்பி.

"ஏங்க! போட்டாச்சா!"

குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு சுவரை விட்டாள். படியின் வெளி ஓரத்துக்கு ஓரடி நகர்ந்து கையை நீட்டினாள்.

"தொடாதே!" என்று கத்தினார் பூட்டுக்காரர். "தொடாதே! அது நிக்காது! சிமெண்ட் காயலை! இன்னைக்குத்தான் நட்டது! பிடிச்சா போயிடுவே! சுவத்துக்குப் போ, சுவத்தைப் பிடி!"

அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. கீழே சாலையில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மனைவியின் கை கம்பிக்கு நாலு விரல் மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் மெதுவாக, ஒவ்வொரு விரலாகக் கையை மடக்கிக்கொண்டு, பின்னாலேயே நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

மேலே அதிகாரி பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கா?" என்றார் அதிகாரி. வெல்டர் தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு மத்தியானம் மேடம்" என்றார் பூட்டுக்காரர். "போன மாசம்னு சொன்னது பொய். ஏழாம் பக்கமும் பொய். கையெழுத்து என்னோடதுதான்."

அதிகாரி சுவரோரமாக இறங்கினார். கம்பி தொடங்குகிற இடத்தில் நின்று, முதல் குழாயை இரண்டே விரலால் தள்ளினார். அது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. அவர் கால்வாயை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி ஏறி வந்ததும் ஏழாம் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இந்த வருஷம் உங்க தெருவுக்கு இல்லை. அடுத்த வருஷம் உள்ளது உள்ளபடி எழுதிக் கொண்டாங்க."

"போலீஸ் எப்போ மேடம் வரும்?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"எந்தப் போலீஸ்?"

"என்னைக் கூட்டிட்டுப் போக."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போய்த் தண்ணி குடிங்க முதல்லே" என்று சொல்லிவிட்டு டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"அஞ்சு நிமிஷம்ணே! அஞ்சே நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று வெல்டர் கத்தினார். அடுத்த நொடி, படியேறி வந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. பட்டறைக்கு நடந்தார். தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோப்பைக் கட்டினார்.

கடைப் பலகையில் உட்கார்ந்த பூட்டுக்காரருக்கு உடம்பு உதறி அடங்கவில்லை. பயம் கோபமாகத் திரும்பிக்கொண்டது.

"உன்னை யாரு இப்போ வரச் சொன்னா? ஆறு மணிக்குத்தானே வருவே? இன்னைக்குன்னு பார்த்து எதுக்கு வந்தே?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அதை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போன்லே உங்க குரலைக் கேட்டேனே. தனியா நின்னு பயந்துக்கிட்டு இருப்பீங்கன்னு கெஞ்சிக் கேட்டு முன்னாடியே வந்தேன்" என்றாள்.

அவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

தெருவில் ஒரு வாரம் அவரோடு யாரும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வெல்டர் சாய்ந்த குழாயை நிமிர்த்திக் கட்டி, யாரும் கம்பியைத் தொடாதபடி கயிறு கட்டி, ஏழு நாளும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். எட்டாம் நாள் அதில் ஏறி நின்று குதித்துக் காட்டினார். கம்பி அசையவில்லை. ஆக, பொய்யாக எழுதின கீழ்ப்பாதி நிஜமாகிவிட்டது; உண்மையில் கேட்ட மேல்பாதிதான் வெறுமையாகக் கிடக்கிறது, அடுத்த வருஷ விண்ணப்பத்தை எதிர்பார்த்துக்கொண்டு.

ஒன்பதாம் நாள் விடியற்காலை, மனைவி பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது பூட்டுக்காரரும் செருப்பைப் போட்டார்.

"நீங்க எங்கே?"

"பாதி வரைக்கும் வர்றேன்."

அவள் சிரிக்கவில்லை. அவர் அவளுக்கு வலது பக்கம் போய் நின்றுகொண்டார், பள்ளம் இருக்கிற பக்கம். முதல் படியில் கால் வைத்ததுமே உடம்பின் பாரம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்தது. அவள் முழங்கையைப் பிடித்தார்.

"ஏங்க, என்னைப் பிடிச்சுக்கறீங்களா, பிடிச்சுத் தள்ளறீங்களா?" என்றாள் அவள்.

"பேசாம இறங்கு. எண்ணிக்கை விட்டுடும்."

இருபத்தாறு படியும் ஒரு யுகமாகப் போயிற்று. கம்பி தொடங்கும் இடத்தில் அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். அவள் அழுத்திப் பார்த்து, பிடித்துக்கொண்டு, சரசரவென்று இறங்கிப் போனாள். அவள் சாலையை அடைந்து பஸ் ஏறுகிறவரைக்கும் அவர் கண்ணை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் திரும்பி மேலே பார்த்தார். இருபத்தாறு படி. இப்போது இடது பக்கம் பள்ளம், கூட ஆள் இல்லை. நின்று நின்று பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முழங்காலை ஊன்றி, கையை அடுத்த படியில் வைத்து, நாலு காலில் தவழ்ந்துகொண்டே ஏறினார்.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. பால்காரர் ஒரு நாள் பார்த்துவிட்டார், ஆகையால் இப்போது தெரு முழுக்கத் தெரியும். மனைவிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.